மூன்று தரம் சொன்ன தொப்பி

கரோலினுக்கு நாற்பத்து மூன்று வயதில் ஒரு தொப்பி தேவைப்பட்டது. ஆசைக்கு அல்ல, டாக்டர் சொல்லித்தான். பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகிற ரோட்டில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற அவள் ஊரில் பெண்கள் தொப்பி போட்டு யாரும் பார்த்ததில்லை. வயலில் இறங்கினால் தலையில் ஒரு துண்டு, கோயிலுக்குப் போனால் சேலை முந்தி. பெண்களின் தலைக்கு ஊர் கொடுத்தது அவ்வளவுதான்.

பதினெட்டு வருஷம் அவள் பீடி சுற்றினாள். மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகு, விரலில் புகையிலை நாற்றம், பிடரியில் தீராத வலி. மூன்று வருஷத்துக்கு முன் ஊர் மகளிர் குழுவுக்கு அரசுத் திட்டத்தில் மருந்தடிக்கிற ட்ரோன் ஒன்று வந்தது. பத்தாம் வகுப்பு தேறிய பெண் ஒருத்தி பயிற்சிக்குப் போக வேண்டும் என்றார்கள். “ஏயம்மா, அது தலைக்கு மேல வந்து விழுந்தா யாரு பாக்க?” என்று மற்றவர்கள் பின்வாங்கினார்கள். கரோலின் போனாள், லைசென்ஸோடு திரும்பி வந்தாள். அன்றைக்கே சுளகைத் தூக்கிப் பரணில் எறிந்தாள். அதுவரை அவளை ஏறெடுத்தும் பார்க்காத வயல்காரச் சம்சாரிகள், “எக்கா, நாளைக்கு நம்ம வயலுக்கு வந்துருங்க” என்று போன் போட ஆரம்பித்தார்கள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை, இருக்காதா பின்னே?

போன ஆவணியில் கன்னம் இரண்டும் சிவந்து தடித்தன. பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். பிறகு விரல் மூட்டுகள் வலித்தன, மத்தியானம் வீட்டுக்கு வந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ரத்தம் சோதித்துப் பார்த்த டாக்டர் லூபஸ் என்று பெயர் சொன்னார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், வெயில் முகத்தில் படவே கூடாது. பட்டால் தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரை போகும் என்றும் சொன்னார். வேலையை விட முடியாதென்றால் சுற்றிலும் விளிம்பு அகலமான தொப்பி ஒன்றாவது போட வேண்டும் என்றார்.

வெயில் ஆகாதென்றால் நிழலில் உட்கார்ந்து பழையபடி பீடி சுற்றலாமே என்று கேட்கிறவர்கள் பதினெட்டு வருஷம் வேண்டாம், பதினெட்டு நாள் அந்தச் சுளகை மடியில் வைத்துப் பார்க்கட்டும். பிறகு பேசுவோம்.

நோய் விஷயம் கரோலினையும் அவள் புருஷன் ரிச்சர்டையும் தவிர யாருக்கும் தெரியாது. ரிச்சர்ட் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவன். “குழுவுல சொல்லிருவோம்” என்று அவன் நாலு தரம் சொல்லிப் பார்த்தான். கரோலின் மூச்சு விடவில்லை. குழுத் தலைவி இன்பமணி கறாரான ஆள். மூட்டு வலி என்று ஒரு வாரம் லீவு கேட்ட முத்துராணியை மருந்து கலக்குகிற வேலையிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்டெபி என்ற இளம்பெண்ணைப் போட்டுவிட்டாள். அந்த ஸ்டெபியும் இப்போது ட்ரோன் பயிற்சி முடித்து லைசென்ஸ் வைத்திருக்கிறாள். கரோலினுக்குச் சீக்கு என்று தெரிந்தால் ட்ரோன் ரிமோட் மறுநாளே கை மாறிவிடும். அப்புறம் பரணில் கிடக்கிற சுளகுதான்.

ஆகவே ஒருவருக்கும் காரணம் சொல்லாமல் தொப்பி தேடினாள். ரிமோட்டுக்கு இரண்டு கையும் வேண்டும், குடை பிடிக்க முடியாது. கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் வெயிலுக்குக் கொடுத்துவிட்டது. ரிச்சர்ட் கொண்டுவந்த கம்பெனி ஹெல்மெட்டுக்குள் தலை வெந்தது. ஓலைத் தொப்பி ஒன்று வாங்கினாள். ட்ரோன் இறங்குகிறபோது அடித்த காற்றில் அது பறந்து வாய்க்காலில் விழுந்து தாமிரபரணியைப் பார்க்கப் போய்விட்டது.

மேலப்பாளையத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பீர் மைதீனிடம் போனாள். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் விற்கிற பெட்டி, கோட்டு, சூட்டு எல்லாம் அவரிடம் வரும். கௌபாய் தொப்பி இரண்டு வைத்திருந்தார். முதல் தொப்பியை அவரே தட்டிக் காட்டினார்.

“இது போட்டோவுக்குப் போடுத தொப்பிம்மா. உள்ள அட்டை. ஒரு மழையில அப்பளமாயிரும்.”

“அந்தத் தோல் தொப்பி?”

“வெடிச்சிருக்கு பாருங்க. எண்ணெய் தேச்சு மினுக்கி வச்சிருக்கேன், அம்புட்டுதான். மாசம் பூரா வெயில்ல நிக்கவங்களுக்கு இதக் குடுத்தா அல்லா என்னயச் சும்மா விடுவானா?” என்றவர், வியாபாரம் ஆகாத வருத்தம் துளியும் இல்லாமல் சொன்னார். “எங்கன பாத்தாலும் சரி, விளிம்ப மடிச்சு விடுங்க. டப்புன்னு பழைய எடத்துக்கு வரணும். உள்ள நெத்தியில படுத தோல்பட்டைய நகத்தால இழுத்துப் பாருங்க. தையல்னா வாங்குங்க, பசைன்னா வச்சிட்டு வந்துருங்க. தலைக்குக் கொஞ்சம் பெருசா இருந்தா பேப்பர மடிச்சு வச்சுக்கிடலாம். சின்னதா இருந்தா ஒண்ணும் செய்ய முடியாது.”

மாசியில் கோயிலில், அதாவது ஊர்ச் சர்ச்சில், அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டிய சேவல்களுக்கு நடுவே அந்த வருஷம் ஒரு பழுப்பு நிறக் கௌபாய் தொப்பி உட்கார்ந்திருந்தது. வைத்தவர் எபனேசர். ஆஸ்திரேலியாவில் ஒரு மாட்டுப் பண்ணையில் பன்னிரண்டு வருஷம் மெக்கானிக் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். “எனக்கு வயலா வரப்பா? அங்கன போய் அறுத்துட்டு வந்தது இந்தத் தொப்பிதான்” என்று சிரித்தார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் காபிக்குப் போனபோது கரோலின் மேஜைக்குப் போனாள். முயல் முடியை அழுத்திச் செய்த கனத்த தொப்பி. விளிம்பை மடித்து விட்டாள், டப்பென்று திரும்பியது. தோல்பட்டை பன்னிரண்டு வருஷ வியர்வையில் கறுத்திருந்தது, ஆனால் தையலில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. தாடைக்குக் கீழே இறுக்கிக்கொள்ளத் தோல் கயிறும் இருந்தது, எந்த ட்ரோன் காற்றும் அசைக்க முடியாது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தலையில் வைத்தாள். புருவம் வரை இறங்கியது. பேப்பர் மடித்து வைத்தால் சரியாகிவிடும். இதேதான், வேறு எதுவும் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த பொருளை எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. காசைக் கொடுத்துவிட்டு, திரும்பவும் ஆண்டவருக்கே என்று மேஜையில் வைத்துவிடுவார். அது மறுபடி ஏலம் போகும். ஒரு வருஷம் ஒரே எலுமிச்சம்பழம் ஒன்பது பேர் கை மாறியது. முதல் ஏலத்திலேயே கொண்டுபோகிறவரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அடுத்த பண்டிகை வரை ஞாபகம் வைத்திருப்பார்கள். கரோலினுக்கு இது தெரியாததல்ல. தொப்பி கிடைக்க வேண்டுமே என்ற தவிப்பில் சுத்தமாக மறந்துபோனாள்.

ஏலம் விட்டவர் தேவசிகாமணி அண்ணாச்சி, ரிட்டயர்டு கண்டக்டர். மைக் இல்லாமலேயே அவர் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். “தொப்பி, தொப்பி, ஆஸ்திரேலியாத் தொப்பி! வெயிலுக்கும் ஆச்சு, மழைக்கும் ஆச்சு, கல்யாண மாப்பிள்ளைக்கும் ஆச்சு!”

கரோலின் கையை இறக்கவே இல்லை. கைப்பையில் இருந்ததே எழுநூறுதான். அந்த எழுநூறில் தொப்பி அவளுக்கு நின்றது. எழுந்து போய் வாங்க அவள் கைப்பையைத் திறப்பதற்குள் தேவசிகாமணி அதைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு முழங்கினார். “கரோலின் எழுநூறு ரூவாய்க்கு எடுத்து, திரும்பவும் ஆண்டவருக்கே குடுக்கா! ஸ்தோத்திரம்! தொப்பி, மறுபடியும் தொப்பி!”

கரோலின் திறந்த கைப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ரிச்சர்ட் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்திரு என்று கையைக் காட்டினான். அதற்குள் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று ஓடியது. ரைஸ் மில் முதலாளி ஆயிரத்து ஐநூறு என்றார். “இது திரும்ப வராது வே. பேரனுக்கு மாறுவேடப் போட்டிக்கு வேணும்” என்றும் சேர்த்துச் சொன்னார். சபை சிரித்தது. பெரிய தொகை கொடுக்கிறவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் அது வழக்கத்தை மீறியதாகாது, பாருங்கள்!

“ஆயிரத்தி ஐநூறு ஒரு தரம்.”

வாயைத் திறந்தால் ரிமோட் போகும். இன்பமணி இரண்டு வரிசை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். திறக்காவிட்டால் தொப்பி போகும், பங்குனி வெயிலில் உடம்பு போகும், அப்போதும் ரிமோட் போகும்.

“ரெண்டு தரம்.”

“அண்ணாச்சி!” கரோலின் எழுந்துவிட்டாள். “அந்தத் தொப்பிய நான் திரும்பக் குடுக்கல.”

“என்னம்மா, ஆண்டவருக்குக் குடுத்தத வாபஸ் கேக்குதியா?”

“நான் எங்க குடுத்தேன்? நீங்கள்லா எடுத்துக் குடுத்திய!”

கோயில் கொல்லென்று சிரித்தது. கரோலின் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் முன்னே சொன்னாள். “எனக்குச் சீக்கு இருக்கு அண்ணாச்சி. முகத்துல வெயில் பட்டா உள்ள வரைக்கும் கெடுத்துரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாளைக்கு விடிஞ்சா நான் வெயில்லதான் நிக்கணும். ஆறு மாசமா தொப்பி தேடுதேன். எனக்கு அது வேணும்.”

தேவசிகாமணி பைய தொப்பியைக் கழற்றினார். மில் முதலாளியைப் பார்த்தார். அவர் சரி என்று கண்ணை மூடித் தலையசைத்தார்.

“என் தப்புதாம்மா” என்றார் தேவசிகாமணி. குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது. “எழுநூறு, கரோலின். ஒரு தரம். ரெண்டு தரம்.”

மூன்றாவதை அவர் சொல்லவில்லை. “மூணு தரம்!” என்று சபை சொன்னது. கரோலின் இன்பமணியைப் பார்த்தாள். பின்னந்தலைதான் தெரிந்தது. அது திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் உளுந்து வயலுக்கு மருந்தடிக்க வேண்டும். ஆறரை மணிக்குக் கரோலின் பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தபோது இன்பமணியின் ஸ்கூட்டர் வந்தது. பின்னால் ஸ்டெபி. அவ்வளவுதான், முடிந்தது என்று கரோலின் நினைத்தாள். ரிமோட்டை எடுத்து நீட்டவே செய்தாள்.

இன்பமணி அதை வாங்கவில்லை. “எத்தன மாசமாட்டி இந்தச் சீக்கு?”

“ஆவணியில இருந்துக்கா.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா ரிமோட்ட வாங்கிருவிய.”

“வாங்கத்தான் செஞ்சிருப்பேன்” என்றாள் இன்பமணி, ஒளிவுமறைவில்லாமல். “இப்ப எங்க வாங்க? இது ஒந்தலைக்குத்தான்னு சபையே மூணு தரம் சொல்லியாச்சு. நானும் சேந்துதாண்டி சொன்னேன்.”

கரோலினுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கையை விளிம்புக்குக் கீழே கொண்டுபோனாள்.

“அழாத, வேலயப் பாரு. காலைல பத்து மணி வரைக்கும் நீ. சாயந்திரம் நாலு மணிக்கு மேல நீ. நடுவுல ஸ்டெபி அடிப்பா, அந்தக் கூலி அவளுக்கு. பத்து மணிக்கு மேல நீ வரப்புல நின்னேன்னு எங்காதுல விழுந்துது, தொப்பியத் திரும்ப ஏலத்துக்கு விட்ருவேன், பாத்துக்கோ!”

கரோலின் தாடைக்குக் கீழே கயிற்றை இறுக்கினாள். ட்ரோன் எழும்பியது. காற்று மோதியதில் விளிம்பு ஒரு தரம் தூக்கி, டப்பென்று பழைய இடத்துக்கு வந்தது. அவள் வாட்சைப் பார்த்தாள். ஏழு மணிகூட ஆகவில்லை.