மஞ்சள் உரசிய முட்டுக்கல்

யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தி, எனக்குக் கல்யாணமான மறு வருஷம், ஆனி மாதச் சாரலில் குற்றாலத்தில் நடந்தது இது. வீட்டில் இந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கிற பாதியை மட்டும்தான் நான் சொன்னேன். மீதியையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு அப்போது மோட்டார் பைத்தியம். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்ற பழைய பிளஷர் காரை, தன் அப்பாவை நச்சரித்து வாங்க வைத்திருந்தார். மேலே துணிக் கூடு, பின்னால் ஒரு ஸ்டெப்னி. கை பிரேக் பேருக்குத்தான். சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்தால்தான் வண்டி நிற்கும். வெள்ளைக்காரர்கள் ஊர் ஊராகக் காரில் போய், காரை ஒட்டியே கூடாரம் அடித்துத் தங்குகிற படத்தை ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் பார்த்துவிட்டார். நாங்களும் அப்படித்தான் குற்றாலம் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

என் மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கோயில் காரியம் பார்க்கிற குடும்பம், வீட்டு மருமகள் அருவிக்கரையில் கூட்டத்தோடு கூட்டமாக ஈரச்சேலையோடு நிற்கக் கூடாது என்றார். உண்மையில் அவர் சொல்லாவிட்டாலும் நான் நின்றிருக்க மாட்டேன். எனக்குக் கூச்சம் அதிகம். கூச்சம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ட ஊர்ப் பெண்களோடு இடித்துக்கொண்டு குளிப்பதா என்ற கர்வமும் அதில் பாதி இருந்தது.

என் வீட்டுக்காரர் அசரவில்லை. "அதுக்கென்ன, அருவியவே உன்கிட்ட கொண்டாந்திருதேன்" என்றார்.

தென்காசிக் கடைத்தெருவில் காரை நிறுத்தி ஒரு சீமெண்ணெய் டின் வாங்கினார். செடிக்குத் தண்ணீர் விடும் பூவாளியின் மூக்கைக் கழற்றி, டின்னின் அடியில் ஈயம் வைத்துப் பற்றவைத்தாயிற்று. உள்ளே ஓட்டையை அடைக்க ஒரு தக்கை, தக்கையை இழுக்க ஒரு சணல். டின்னை மரக்கிளையில் தூக்கிக் கட்டிச் சணலை இழுத்தால் தலையில் தண்ணீர் பூப்பூவாகக் கொட்டும். குற்றாலத்துக்குப் போய் டின்னில் குளிக்கப் போகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பற்றவைத்த ஆள் சிரித்தார். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்து, காசை எறிந்துவிட்டு டின்னைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு மாந்தோப்பு. தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சரிவில் மரத்தை ஒட்டிக் காரை நிறுத்தினோம். முன் சக்கரம் இரண்டுக்கும் கல் வைத்தார். எங்களுக்குக் கீழே, சரிவின் அடியில், ஒரு சின்ன வாய்க்கால். அதன் அக்கரையை ஒட்டினாற்போல, சுரண்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் மாட்டு வண்டியை அவிழ்த்துப் போட்டிருந்தது. ஆண்கள் அருவிக்குப் போய்விடுவார்கள், பெண்கள் சமைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். கைக்குழந்தைக்காரி. வண்டிக்கு அடியில் அச்சில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தாள். வந்த அன்று சாயங்காலமே மேலே ஏறி வந்து, "குளிக்க வாரியளா யக்கா, சேர்ந்து போவோம்" என்று கூப்பிட்டாள். எங்களுக்கு இங்கேயே ஏற்பாடு இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன். அவள் டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் அருவி திறப்பு விழா. கார் ஒரு பக்கச் சுவர். காரின் கூட்டுக் கம்பியிலிருந்து மரத்துக்குக் கயிறு கட்டி, மற்ற பக்கங்களுக்கு ஜமக்காளமும் படுக்கை விரிப்பும் தொங்கவிட்டார். டின்னில் வாய்க்கால் தண்ணீரை நிரப்பி, கிளை வழியாகக் கயிறு போட்டுத் தூக்கி, கயிற்றின் மறுமுனையைக் காரின் பின்னால் கட்டினார். ஒரு தடவை சணலை இழுத்து, தன் தலையிலேயே கொட்டிப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். மறுபடி நிரப்பி வைத்துவிட்டு, பழம் வாங்கி வருகிறேன் என்று கடைப்பக்கம் நடந்தார்.

நான் உள்ளே போனேன். சேலையைக் கயிற்றில் போட்டுவிட்டு, உள்பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு நின்றேன். மஞ்சள் கிழங்கு கையில் இருந்தது. உரசக் கல் இல்லை. மஞ்சள் பூசாமல் குளித்துப் பழக்கமில்லாதவள் நான். குனிந்து பார்த்தால், காரின் முன் சக்கரத்துக்கு அடியில் தட்டையாக, மழமழவென்று, மஞ்சள் உரசுவதற்கென்றே செய்த மாதிரி ஒரு கல். ஆட்டி ஆட்டி உருவிவிட்டேன். கார் லேசாக முனகியது. அந்தப் பக்கம் இன்னொரு கல் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

நிதானமாக உரசி, முகத்திலும் கழுத்திலும் பூசி, சணலை இழுத்தேன். தண்ணீர் சுகமாகத்தான் கொட்டியது. திடீரென்று தண்ணீரின் வேகம் மாறியது போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் டின் தானாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது! குரங்குதான் கயிற்றை இழுக்கிறது என்று நினைத்து, "சூ, சூ" என்று விரட்டினேன். அதற்குள் என் பக்கத்துச் சுவர் நகர்ந்தது. சாரலில் ஊறிக்கிடந்த மண்ணில் மற்றக் கல் புதைந்து, கார் சத்தமே இல்லாமல் சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தது. ஜமக்காளம், விரிப்பு, என் சேலை எல்லாம் அதன் பின்னால் ஊர்வலம் போயின. டின் கிளையில் முட்டி, கயிறு அறுந்து, பக்கத்தில் தொம்மென்று விழுந்தது.

வீட்டில் இந்த இடத்தில்தான் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் இதோடு நிறுத்திவிடுவேன்.

நிறுத்திய இடத்துக்கு அப்புறம் நடந்தது இது. கார் போகிற வழி எனக்குத் தெரிந்தது. நேர் கீழே அந்த மாட்டு வண்டி. அதன் அடியில் தொட்டில். தொட்டில் கனத்துத் தொங்குவது மேலே இருந்து நன்றாகத் தெரிந்தது. பிள்ளையின் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஒரு கூச்சல் போட்டால் போதும், எட்டிப் பிள்ளையைத் தூக்கிவிடுவாள். நான் கூச்சல் போடவில்லை. சத்தம் போட்டால் எல்லாரும் மேலே பார்ப்பார்கள், பாதையில் போகிற ஆண்களும் பார்ப்பார்கள், நான் இந்தக் கோலத்தில் நிற்கிறேன். அது ஒன்றுதான் தோன்றியது. இரண்டு கைகளாலும் மார்பை மறைத்துக்கொண்டு மரத்தின் பின்னால் குந்திக்கொண்டேன். குந்தியபடியே பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

காரின் முன் சக்கரங்கள் வாய்க்காலில் இறங்கி நின்றன. மூக்கு மட்டும் வண்டிச் சக்கரத்தில் இடித்தது. வண்டி குலுங்கியது, தொட்டில் ஆடியது, பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் அவள் திரும்பினாள்.

பிள்ளையை வாரி எடுத்துத் தலை, கை, கால் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள், இழுபட்டுக் கிடந்த ஜமக்காளத்தைப் பார்த்தாள், அது வந்த வழியே மேலே பார்த்தாள். என்ன நினைத்தாளோ, வண்டியிலிருந்து உலர்ந்த சேலை ஒன்றை உருவிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் இடுக்கியபடி சரிவில் ஓடி வந்தாள். கூட இரண்டு பெண்களும் வந்தார்கள். முந்தானைகளை விரித்துப் பிடித்து என்னைச் சுற்றி மறைத்து நின்றார்கள். அவள்தான் எனக்குச் சேலையைச் சுற்றிவிட்டாள். கட்டி முடித்த பிறகுதான் கேட்டாள்.

"பார்த்துக்கிட்டுத்தான இருந்திய? ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லா. நாங்க வந்து மூட மாட்டமா?"

திட்டவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மஞ்சள் பூசிய முகத்தோடு, அவள் சேலையைக் கட்டிக்கொண்டு, அவள் பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் வாழைப்பழத்தோடு ஓடி வந்தார். கை பிரேக்கைச் சபித்தார், தான் வைத்த கல்லைச் சபித்தார், அவர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். கல் மஞ்சளாகக் கிடப்பதை அப்புறம்தான் கவனித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கல்லை எடுத்ததுதான் தப்பு என்று அவர் இன்றைக்கும் நினைக்கிறார்.

அன்று மத்தியானமே அவர்கள் வண்டி கட்டிவிட்டார்கள். சேலையைத் துவைத்துக் கொடுக்கப் போனேன். ஈரத்தோடேயே வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பால் குடிக்கிற நேரம் என்று சொல்லித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் செய்தது நியாயம்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் குற்றாலம் போயிருக்கிறேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்று குளிக்கிறேன், யாரும் என்னைப் பார்ப்பதில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் எந்தப் பிள்ளை வீறிட்டாலும் எனக்கு உடம்பு கூசிப்போகிறது, ஏனென்றால் அன்றைக்கு நான் போட்டிருக்க வேண்டிய சத்தத்தை அந்தக் கைக்குழந்தைதான் போட்டது.