மாமாவின் கலியாணத்தைக் கட்டியவன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இறக்கக்கண்டியில் ஐஸ் பக்டரி போட்டேன். ஒருத்தனும் வாங்கான் என்றார்கள். வள்ளம் பழுதுபார்க்கும் பட்டறை போட்டேன். சண்டை ஒருதரம், கடல் ஒருதரம் வீட்டைத் தின்ற பிறகும் அதே காணியில் மாடி எழுப்பினேன். ஆனால் நான் முதன்முதலில் கட்டியது என் மாமாவின் கலியாணம். அப்போது எனக்கு எட்டு வயது.

மாமா, அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் வேலை. அவரைப் போல ஒரு மனிசனை நான் பிறகு காணவில்லை. சங்கக் கூட்டத்தில் அவர் வாய் திறந்தால் கிரேனும் நின்று கேட்கும். ஊரில் அவருக்கு 'இடதுசாரி' என்று பெயர். கடைக்காரருக்கு அது, ஹர்த்தாலுக்குக் கதவை அடைக்கச் சொல்லி வருகிறவன். கோயில் ஐயருக்கோ, திருநீறு பூசாதவன். கூட வேலை செய்தவர்களுக்கு முன்னுக்கு நிற்கிறவன். அம்மாவுக்கோ, ஒருவரும் பொம்பிளை கொடுக்காதவன். அந்தச் சொல்லாலேயே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

எனக்கு அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான்: இடக்கையால் சோறு தின்கிறவன். அப்படித் தின்றுதான் நான் அம்மாவிடம் அகப்பைக்காம்பால் வாங்கிக்கொண்டிருந்தேன்.

சாம்பல்தீவிலிருந்து பொம்பிளையின் தகப்பன் வந்தார். கதிரையில் இருந்ததும் கேட்டார்:

"தம்பி இடதுசாரி எண்டு கதை. உண்மையோ?"

அம்மாவின் முகம் வெளிறியது. மாமா வாய் திறக்கமுன் நான் பாய்ந்தேன்.

"இல்லை ஐயா! மாமா சோத்துக்கையாலதான் சாப்பிடுறவர். நான்தான் இடதுசாரி. அம்மாட்டக் கேளுங்கோ, அதுக்குத்தான் அடிக்கிறவ!"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், பிறகு வாடிப்போனார்.

"அப்ப அது பொய்க்கதையோ? எனக்கு மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள். இடதுசாரியள் சீதனம் கேக்கமாட்டினமாம். அதை நம்பித்தானே வந்தனான்."

அதுவரை சம்பந்தம் பேச வந்தவர்களிடம் அதை மறைத்துவந்த அம்மா குசினி வாசலில் இருந்து சத்தமாகச் சொன்னா:

"அவன் இடதுசாரிதான் அண்ணை! சின்னனில இருந்தே!"

மாமா எழுந்து நின்றார். "ஓம் ஐயா. சீதனம் வேண்டாம், உங்கட மகள் வந்தாக் காணும்."

சொன்னபடியே செய்தார். ஒரு சதம், ஒரு சாண் காணி வாங்கவில்லை. அதுதான் மாமா.

இப்போது மாமாவின் பிள்ளைகள் அந்தக் கலியாணத்துக்குப் பொன்விழா மலர் அடிக்கிறார்கள். 'கொள்கையால் இணைந்த வாழ்வு' என்று முதல் பக்கத்தில் போடுகிறார்களாம். போடட்டும். ஆனால் நான் பாய்ந்திராவிட்டால் அந்த மனிசன் மனதில் கிடந்ததைக் கக்கியிருப்பாரா? அம்மாதான் ஒத்துக்கொண்டிருப்பாவா? அன்று எல்லாரும் எதற்குச் சிரித்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை, உண்மைதான். விளங்காமல் செய்தாலும் செய்தது நான். என் பெயர் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரவேண்டும்.