வேன் வாடகைக்குப் போன விதம்

ரிடையர் ஆன பணத்தில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே இரண்டு படுக்கை, கேஸ் அடுப்பு, மூலையில் ஒரு கக்கூஸ் எல்லாம் பொருத்திக் கேரவன் ஆக்கினார். அந்தப் பணம் என் இரண்டு முட்டிக்கும் ஆபரேஷன் செய்ய என்று வைத்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் நான்கு தடவை வெளியூர் போனோம். அடுப்புக்கு இரண்டடியில் கக்கூஸ் இருந்தால் எப்படிச் சமைப்பது? அதை உபயோகிக்கவே விடாமல் அதற்குள் அரிசி டப்பாவையும் குக்கரையும் வைத்துக் கதவைச் சாத்தினேன். மற்ற நாளெல்லாம் அது புனே நிக்டியில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டி பார்க்கிங்கில் நின்றது. அவர் தினமும் துடைப்பார். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைத்தவர் இல்லை.

இந்த மாதிரி வண்டிகளை எடுத்து நாள் வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று இருப்பது எனக்குத் தெரியவந்தது. மஞ்சள் போர்டு, பர்மிட், டிரைவர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாதாமாதம் நமக்கு ஒரு பங்கு வரும். கொஞ்ச நாள் வண்டி ஓடினால் ஒரு முட்டியாவது தேறும் என்று நினைத்து அவரிடம் சொன்னேன்.

"கண்டவன் படுத்து உருளவா நான் வண்டி கட்டினேன்?" என்றார்.

"அப்ப என் முட்டி?"

"முட்டி சரியாகி நீ என்ன ஓட்டப்பந்தயத்துக்கா போகப் போறே?"

விடுமுறைக்கு வந்திருந்த மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை இரண்டு பேருக்கும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று எனக்குத் தெரியும். அவர் கண் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் கொடுத்த சீட்டை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்தேன். கண்ணில் அழுத்தம், பக்கப் பார்வை அநேகமாக இல்லை, வண்டி ஓட்டக்கூடாது. காபி டம்ளரை மேஜைக்கு வெளியே வைத்துக் கொட்டிவிட்டு மேஜையைத் திட்டுவார். வேனைக் கொடுத்தால், இனி என்னால் ஓட்ட முடியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவருடைய பயமெல்லாம் அதுதான். அது தெரிந்தும் நான் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை.

வேனை ரிவர்ஸ் எடுப்பது முழுக்க என் குரலை வைத்துத்தான். நான் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும்" என்பேன். "போதும்" என்றால் வண்டி நிற்கும். வாட்ச்மேனும் பக்கத்தில் நின்று, அவரைச் சித்தப்பா முறை வைத்து அதையே மராத்தியில், "யேவு த்யா காகா, யேவு த்யா" என்று கத்துவான். அதை அவர் காதிலேயே வாங்கமாட்டார். முப்பத்தைந்து வருஷம் புனேயில் வேலை பார்த்தவர், மராத்தியில் சண்டை போடுவார், காய்கறிக்குப் பேரம் பேசுவார். ரிவர்ஸ் மட்டும் தமிழில், அதுவும் என் வாயால் கேட்டால்தான் எடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்து வண்டியைப் பார்க்கும்படி கம்பெனிக்காரரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் வழி கேட்டு போன் பண்ணியபோது வீட்டுக்காரர் எடுத்துவிட்டார்.

"கிளம்பு, லோணாவளா போறோம்" என்று சாவியோடு இறங்கினார். ஆள் வரும்போது வண்டி இங்கே இருக்கக்கூடாது, அவ்வளவுதான் திட்டம். நான் மறுபேச்சுப் பேசாமல் போய்ப் பின்னால் நின்றேன்.

"வரட்டும், வரட்டும்."

தண்ணீர்த் தொட்டியின் தூணுக்கு மூன்றடி இருந்தது. வழக்கமாக அங்கே "போதும்" என்பேன். வாட்ச்மேன் ஓடிவந்து, "தாம்பா காகா, தாம்பா!" என்று நிறுத்தச் சொல்லி அலறினான். வண்டி ஒரு நொடி தயங்கியது. என் குரலுக்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது.

"வரட்டும்" என்றேன்.

பின்கதவு அப்படியே உள்ளே மடங்கியது. குக்கர் உருண்டது, அரிசி கொட்டியது. மாடியில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார்கள். அவருக்கு அடி எதுவும் இல்லை. மெதுவாக இறங்கி, வண்டியைக் கையால் தடவிக்கொண்டே பின்பக்கம் வந்தார். அதற்குள் கம்பெனிக்காரரும் வந்து நின்றார். நான் அத்தனை பேர் முன்னாலும், எல்லாருக்கும் புரியட்டும் என்று, இந்தியில் சொன்னேன்: "இவருக்குக் கண் தெரியாது. ஒரு வருஷமாகவே தெரியாது."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. சாவியை எங்கோ பார்த்து நீட்டினார். கம்பெனிக்காரர் வந்து வாங்கிக்கொண்டார்.

அப்பா உயிரைக் காப்பாற்றத்தான் வண்டியைக் கொடுத்தோம் என்று மகளிடம் போனில் சொன்னேன். பொய். ஓட்டப்பந்தயத்துக்கு நான் பதில் கொடுத்தேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடிபட்ட வண்டி என்று பங்கைக் குறைத்தார்கள். ஆனாலும் வலது முட்டி தேறிவிட்டது. அவருக்குத்தான் இப்போது அநேகமாக ஒன்றும் தெரிவதில்லை. சாப்பிட உட்காரவைப்பது, மருந்து விடுவது, எல்லாம் நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

எங்கள் கட்டட வாசலில் மூன்று படி உண்டு. சாயந்திரம் நடக்கப் போகும்போது வாட்ச்மேன் கீழே நின்று, "யா காகா, யா" என்று வரச்சொல்லிக் கூப்பிடுவான். அவன் குரலுக்கு அவர் கடகடவென்று இறங்கிவிடுவார். போன வாரம் அவன் லீவு. நான் கையைப் பிடித்து இறக்கினேன்.

"படி முடிஞ்சுதுங்க. தரைதான், வாங்க."

அவர் நின்றார். என் கையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலின் செருப்பைக் கழற்றி, அந்தக் காலை நீட்டி, தரை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகுதான் இறங்கினார்.