பால் சோதனைக்குப் போன நாட்கள்

எனக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. ஒருமுறை எங்கள் ஊர் தோணிரேவு கரையில் வலை அலசிக்கொண்டிருந்தபோது தண்ணீருக்குள்ளேயே விழுந்தேன். அதன் பிறகு மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. மகள் பிறந்தபோதும் விடவில்லை.

அவள் எந்நேரமும் தூங்கினாள். மார்பில் வைத்தால் ஒரு வாய் குடிப்பாள், கண் சொருகிவிடும். உள்ளங்காலைச் சுண்டினாலும் அழ மாட்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் சாதுவான பெண் என்றார்கள். எனக்குப் பயம். எடையும் ஏறவில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாத்திரை பால் வழியாக இவளுக்குள் போகிறதோ என்னவோ, பாலை லேபில் சோதித்துவிடலாம் என்றார். அதுவரை வேறு பால் கொடுக்கச் சொன்னார். "மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க."

மாத்திரை போடுவதற்கு முன்பு கொஞ்சம், பின்பு கொஞ்சம் எனப் பீய்ச்சித் தனித்தனிக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் இறால் பெட்டியைத் தேய்த்துக் கழுவி, ஐஸ் நிரப்பி, குப்பிகளை அதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பவுடர் பாலை மகள் துப்பினாள். வீட்டுக்காரரின் தங்கை பக்கத்துத் தெருவில் இருந்தாள். அவளுக்கும் பால் குடிக்கிற பிள்ளை உண்டு. விஷயம் தெரிந்து வந்தாள்.

"இங்க குடு அண்ணி. என் புள்ள குடிச்சது போவ மிச்சம் வீணாத்தான் போவுது."

மகளை அவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன். அதன் பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கரைக்குப் போவேன், நிற்க முடியாமல் திரும்புவேன், பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்குவேன். மார்பு கட்டிக்கொண்டு ரவிக்கை நனையும். பீய்ச்சி மண்ணில் ஊற்றுவேன்.

சில நாட்கள் போயிருக்கும். ஒரு மத்தியானம் நாத்தனார் வீட்டிலிருந்து குழந்தை வீறிடும் சத்தம் கேட்டது. அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஓடினேன். மடியில் என் மகள் கைகாலை உதறிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா தொண்டை பாரு அண்ணி. எங்க நைனாவேதான்" என்று நாத்தனார் சிரித்தாள்.

வாங்கி அணைத்தேன். குழந்தை முகத்தைத் திருப்பி அவளைத்தான் தேடியது. சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன.

"அப்போ என் பாலுதான் இவள மயக்கத்துல வெச்சிருந்திருக்கு."

"மாத்திரை பண்ண வேலை அது. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

ரிப்போர்ட்டும் அதையே சொன்னது. பாலில் மருந்து அதிகமாகவே இருந்தது. டாக்டரம்மா பழைய மாத்திரையைச் சிறுகச் சிறுகக் குறைத்து வேறொன்றைத் தொடங்கினார். எப்போது வலிப்பு வருமோ என்று அந்த வாரங்களில் வீட்டுக்காரர் என்னைத் தனியாகத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை. வலிப்பு வரவில்லை. பால் வற்றாமலிருக்கப் பீய்ச்சிக்கொண்டே இருந்தேன். மறுபடி ஐஸ் பெட்டி போனது. இந்த முறை மருந்து மிகக் கொஞ்சம்தான், தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்கள்.

நாத்தனாரே குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். முதலில் மகள் முகம் சுளித்தாள், பிறகு பிடித்துக்கொண்டாள். குடித்து முடித்தும் தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை எடுக்காமல் அவள் இமைகளையே கவனித்தபடி இருந்தேன்.