ஞாயிறு மாலை ஐந்து மணி

நீதிமன்றக் கட்டளையின் பிரதியை அக்கா பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தாள். பிள்ளை தாயுடன் இருக்க வேண்டும். ஞாயிறு காலை தகப்பன் அழைத்துச் சென்று, மாலை ஐந்து மணிக்குப் பொலிஸ் நிலைய வாசலில் ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான் அதில் இருந்தது. வழக்குக்கு முன் ஒருமுறை அத்தான் பிள்ளையைத் தொண்டைமானாற்றிலுள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோய் நான்கு நாட்கள் அனுப்பவில்லை. அந்த நான்கு நாளும் அக்கா சாப்பிட்டதை நான் காணவில்லை. பொலிசுக்குப் போனபோதெல்லாம், "தகப்பன் தானே கொண்டு போனவர்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கட்டளை கிடைத்த மூன்றாவது ஞாயிறு, ஐந்தேகாலாகியும் அத்தான் பொலிஸ் நிலைய வாசலுக்கு வரவில்லை. கைப்பேசியும் வேலை செய்யவில்லை. நான் மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

"நான் போய்த் தூக்கிக்கொண்டு வாறன்."

அக்கா மோட்டார் சைக்கிள் திறப்பைப் பிடுங்கினாள். "அங்கை போய்ச் சண்டை பிடிச்சா, கட்டளையை மீறினது நாங்கள் எண்டு வரும். லோயர் சொன்னதை மறந்திட்டியே?"

பொலிஸ் நிலையத்துக்குள் போனோம். அங்கிருந்த அதிகாரியும் பழைய பதிலைத்தான் சொன்னார். "தகப்பன் தானே அம்மா, வருவார்."

அக்கா கட்டளையை எடுத்து நீட்டினாள். "ஓம் ஐயா. ஆனா இதிலை அஞ்சு மணி எண்டு கிடக்கு."

அவர் கட்டளையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, முறைப்பாட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

ஐந்து நாற்பதுக்கு அத்தான் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிள்ளை சீற்றில் இருந்தாள். அவருடைய சேட்டு முழுக்க வியர்வை.

"ஐயா, இருபாலையிலை டயர் காத்துப் போட்டுது. அங்கையிருந்து தள்ளிக்கொண்டு வாறன். போனிலை சார்ஜ் இல்லை. மீறினது எண்டு எழுதாதேங்கோ. பிறகு பிள்ளையைக் கண்ணிலையும் காட்டமாட்டினம்."

அவரும் அந்தத் தாளுக்குப் பயந்துதான் அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டு, சப்பையாகிக் கிடந்த டயரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "நாப்பது நிமிசம் பிந்தினவர் எண்டு எழுதுங்கோ ஐயா. டயர் காத்துப் போனதையும் எழுதுங்கோ."

அதன்பின் அத்தான் நாலரைக்கே வந்துவிடுவார். அக்காவும் நாலரைக்கே போய்விடுவாள். இருவரும் கதைப்பதில்லை. ஆனால் ஐந்து மணியாகும்வரை அக்கா பிள்ளையை அவர் பக்கத்திலேயே விட்டிருப்பாள்.