மாரியப்பன் பிடிச்ச பெஞ்சு

இன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல பக்கத்து சீட்ல வந்து உக்காந்தது மாரியப்பன். காலேஜ்ல என்கூடப் படிச்சவன். முப்பது வருசத்துக்கு மேலா நான் வயிறெரிஞ்சுக்கிட்டு இருக்கிற ஆளு.

காரணம் ஒரு பெஞ்சு.

எண்பதுகளோட கடைசி. எங்க வீட்ல ஒத்த ரூம்ல ஏழு பேரு. எழுத இடம் தேடி அலைஞ்சு, ராஜபாளையம் ஸ்டேஷன்ல வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சைக் கண்டுபிடிச்சேன். ரயிலும் கம்மி, ஆளும் கம்மி. காலேஜ் சிறுகதைப் போட்டிக்கு அங்கதான் எழுதணும்னு முடிவு.

மறுநாள் போனா, மடியில நோட்டோட, தலையைக் குனிஞ்சு இவன் உக்காந்திருக்கான். தினமும் எனக்கு முன்னாடியே வந்துருவான். நான் வெயில்ல, குழாயடித் திண்டுல உக்காந்து எழுதுனேன்.

முதல் பரிசு அவனுக்கு. எனக்கு ஆறுதல் பரிசுகூட இல்ல. 'அந்த பெஞ்சு மட்டும் எனக்குக் கிடைச்சிருந்தா'ன்னு இன்னமும் என் பிள்ளைககிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

இன்னைக்குக் கேட்டே புட்டேன். "அந்த பெஞ்சுல உக்காந்துதானலே பரிசுக் கதைய எழுதுன?"

சிரிச்சான். "அங்கன எங்கலே எழுதுனேன்? ராத்திரி பூரா மில்லுல வேலை, பகல்ல காலேஜ். செத்த நேரம் கண்ணசரத்தான் அங்க வருவேன்."

"அப்ப கதை?"

"மில்லுலதான். டீ குடிக்க விடுவாங்கள்ல, அந்த நேரத்துல பஞ்சுப் பொதி மேல உக்காந்து எழுதுனேன். மிஷின் சத்தத்துல காதே கேக்காது."

ஊர் வந்ததும் இறங்கிப் போயிட்டான்.

இனி அவன் மேல பொறாமைப்பட ஒரே காரணந்தான் மிச்சம். என்னைவிட நல்லா எழுதியிருக்கான்.

இதுக்கு அந்த பெஞ்சே தேவலை. உங்ககிட்ட இப்படி ஏதாவது பெஞ்சு இருந்தாச் சொல்லுங்க, எனக்கு அவசரமா ஒண்ணு வேணும்.