எட்டாத பிக்கப்

கமலநாதன் ஒருநாளும் காட்டுக்குப் போனவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிங்கப்பூருக்கு வடக்கே, கூலாயில் அவர் வீட்டு வாசலில் நிற்கும் பிக்கப்பைப் பார்ப்பவர்கள், ஐயா நேற்றுத்தான் ஏதோ மலையில் ஏறி இறங்கி வந்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். முன்னால் இரும்பு பம்பர். சேற்றில் மாட்டிக்கொண்டால் கம்பி கட்டி இழுக்க, அதற்குள் ஒரு வின்ச். கூரைமேல் கேரியர், அதன்மேல் மண்வெட்டி. மண்வெட்டியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் அப்படியே இருந்தது.

வேலை, செனாயில் ஒரு தொழிற்சாலையில் கிடங்கு மேற்பார்வை. வீட்டிலிருந்து இருபது நிமிடம், முழுக்கத் தார்ச்சாலை. அதை விட்டால் வண்டி போனது சந்தைக்கும் கோயிலுக்கும்தான். ஒருமுறை கல்யாணச் சேலை எடுக்கத் தங்காக் போனபோது, துணிக்கடை வாசலில் இடமில்லாமல் ஒரு சக்கரத்தை நடைபாதை விளிம்பில் ஏற்றி நிறுத்தினார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் காட்டு வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைத்தான் போட்டார். நடைபாதை தெரியாதபடி அடியை வெட்டிப் போட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘பவர் லா பாஸ்’ என்று பதினேழு பேர் பாராட்டினார்கள். அந்தப் பதினேழு பேரில் எத்தனை பேர் விளிம்பை வெட்டிப் படம் போடுகிறவர்களோ, யாருக்குத் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தினார். ஸ்பிரிங் மாற்றி, பெரிய டயர் போட்டு, எல்லாம் முறைப்படி. அன்றிலிருந்து அவர் மனைவி பிரேமலா அந்த வண்டியில் ஏறவில்லை. கோபத்தால் அல்ல, முட்டியால். இருபத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்த கால்கள் அவை. வியாழக்கிழமை தோறும் முட்டிப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும். போனில் அழைத்தால் கிராப் வாடகை வண்டி வரும், அவள் ஏறிப்போவாள். அந்த நேரத்தில் அவள் கணவர் வாசலில் நின்று நாலு சக்கர வண்டிக்கு மெழுகு பூசிக்கொண்டிருப்பார். கிராப்பில் போனால் பார்க்கிங் தொல்லை இல்லையே என்று ஆறுதல் வேறு சொல்வார். அவருக்கு எவ்வளவு பெரிய மனது பாருங்கள்.

பிரேமலா சண்டை போடுகிற பெண் இல்லை. ஆனால் இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, வண்டியைப் பழையபடி இறக்கிவிடச் சொன்னாள். கமலநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் யோசித்து ஒரு பதிலோடு வந்தார். கோயில் திருவிழா முடிவதற்குள் இந்த உயரத்தால் ஒரே ஒரு நல்ல காரியமாவது நடக்கிறதா இல்லையா என்று பார், நடந்துவிட்டால் இறக்குகிற பேச்சையே நீ எடுக்கக்கூடாது, நடக்காவிட்டால் மறுநாளே இறக்கிவிடுகிறேன் என்றார். அவளும் சரி என்றாள். நாலு வருஷமாக நடக்காதது இனிமேலா நடக்கப்போகிறது என்று அவள் நினைத்திருக்கலாம்.

நடக்கும்போல்தான் இருந்தது. அவர்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பின்னால் இருக்கும் மாரியம்மன் கோயிலில், வருஷா வருஷம் அம்மனை ஏற்றி ஊர்வலம் வந்த பழைய லோரி திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது படுத்துவிட்டது. கோயில் செயலாளர் மதிவாணன் வாடகை லோரிக்குப் பேசிக்கொண்டிருந்தார். கமலநாதன் விடுவாரா? இந்த வருஷம் அம்மன் என் வண்டியில்தான் உயர உட்கார்ந்து ஊருக்கே தெரிய வருவாள், செலவெல்லாம் என்னுடையது என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து பிரேமலாவிடம் சொன்னபோது அவள் நிமிராமல் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தோற்றுவிட்டாள் என்று அவருக்குச் சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம் வெட்கப்பட வேண்டியது என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. அம்மன், பீடம், ஜெனரேட்டர், விளக்கு வளைவு, குருக்கள், அவருக்குத் துணையாக இருவர், எல்லாம் சேர்ந்தால் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். உயர்த்திய வண்டி பின்னால் தொங்கிக்கொண்டு போனால் வாட்ஸ்அப் குழு என்ன சொல்லும்? ஆகவே காற்றுப்பை வைக்க முடிவு செய்தார். பின் அச்சுக்கும் அதன் மேலே உள்ள அடிச்சட்டத்துக்கும் நடுவில் தடித்த ரப்பர் பை ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக. காற்று அடித்தால் பாரத்தில் ஸ்பிரிங்குக்குத் துணையாக முட்டுக்கொடுக்கும். பதினோரு காணொளி பார்த்தார், ஆன்லைனில் வாங்கினார், பெட்டியோடு செல்வராணியின் பட்டறைக்குப் போனார்.

செல்வராணி சிங்கப்பூரில் ஒன்பது வருஷம் வண்டிகளுக்கு ஸ்பிரிங், சஸ்பென்ஷன் வேலை பார்த்துவிட்டு வந்து கூலாயில் சொந்தமாகப் பட்டறை போட்டவள். பெட்டியைத் திறந்து பார்த்ததுமே, இது சாதாரண உயர வண்டிக்கான பை என்று சொல்லிவிட்டாள். உயர்த்திய வண்டியில் இடைவெளி கூடுதல். குழியில் சக்கரம் இறங்கும்போது பையை இரண்டு பக்கமும் இழுத்துக் கிழித்துவிடும். அடியில் கட்டை வைத்து உயரத்தைச் சரிக்கட்ட வேண்டும். காணொளியில் ஒரு வெள்ளைக்காரர் கட்டை இல்லாமல்தான் மாட்டினார் என்று கமலநாதன் வாதாடினார். அந்த வெள்ளைக்காரர் உங்கள் தாமான் சாலைக் குழியில் ஓட்டிப் பார்த்தாரா என்று அவள் கேட்டாள்.

அலுமினியக் கட்டை வைத்துத்தான் மாட்டினாள். காற்றுக் குழாயைப் புகைக்குழாய் சூட்டில் படாமல் தள்ளிக் கட்டினாள். இரண்டு பைக்கும் தனித்தனி வால்வு வைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிகிறதா என்று பார்த்தாள். வெறும் வண்டிக்கு ஐந்து பவுண்டு அழுத்தம், பாரம் ஏறினால் முப்பத்தைந்து, அதற்குமேல் ஒரு மூச்சுகூட வேண்டாம், பை வைத்ததால் வண்டி தாங்கும் பாரம் கூடிவிடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கமலநாதன் தலையை ஆட்டினார். பின்பக்கம் ஒரு விரல்கூட இறங்கக்கூடாது, அது மட்டும்தான் அவருக்கு வேண்டும்.

கடைசியில் செல்வராணி கையைத் துடைத்துக்கொண்டே வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். பின்பெட்டியின் விளிம்பு அவள் கண்மட்டத்துக்கு இருந்தது.

“அண்ணே, இவ்ளோ உசரத்துல சாமிய வெச்சா, வீட்டுக்கு வீடு தட்டு குடுப்பாங்களே, அதை யாரு வாங்குவா?”

“அது குருக்கள் பாத்துக்குவாரு லா,” என்றார் கமலநாதன். பெண்பிள்ளைக்கு இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்பதுபோல் சிரித்தார். செல்வராணி பில்லை எழுதிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அம்மன் புறப்பட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வாழைமரம் கட்டி, சாமந்தி மாலை சாத்தி, வண்டி துளியும் தொங்காமல் மட்டமாக நின்றது. கமலநாதன் பட்டு வேட்டியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, காற்றழுத்தம் முப்பத்தைந்து என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். வாட்ஸ்அப் குழுவுக்கு நேரலை போய்க்கொண்டிருந்தது.

முதல் வீட்டிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரம்மா தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரத்தோடு தட்டை நீட்டினாள். எட்டவில்லை. தலைக்குமேல் தூக்கினாள். குருக்கள் குனிந்தார், அவருக்கும் எட்டவில்லை. இன்னும் குனிந்தார், துணையாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தட்டு சாய்ந்து வாழைப்பழம் சாலையில் விழுந்தது. பழைய லோரியில் பக்கப் பலகையை இறக்கிவிட்டால் சின்னப் பெண்கள்கூடத் தட்டை நேராக அம்மன் காலடியில் வைப்பார்கள். இது காடு மலை ஏறுகிற வண்டியாயிற்றே, பக்கமெல்லாம் இரும்புச் சுவர்.

காற்றை இறக்குங்கள் என்று மதிவாணன் கத்தினார். கமலநாதன் இறங்கி இரண்டு வால்வையும் திறந்தார். புஸ்ஸென்று காற்று போனது. பின்பக்கம் இரண்டு அங்குலம் இறங்கியது, முன்பக்கம் அப்படியே நின்றது. அம்மன் பக்தர்களை விட்டுவிட்டு ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். பீடம் பின்னால் சாய்கிறது என்று குருக்கள் அலறினார். கமலநாதன் சின்ன கம்ப்ரஸரை எடுத்து மறுபடி காற்று அடித்தார். அது தறதறவென்று சத்தம் போட, நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கீழே இறக்கிவிட்டுக் காத்திருந்தார். மூன்று வீட்டுக்கு முக்கால் மணி நேரம்.

நாலாவது வீட்டில் பேச்சியம்மாள் நின்றாள். எஸ்டேட்டிலிருந்து தாமானுக்கு வந்த முதல் குடும்பங்களைச் சேர்ந்தவள், கோயிலில் கூட்டிப் பெருக்குகிறவள். யாருக்கும் அஞ்சாமல் பேசுகிறவள். தட்டைத் தூக்கவே முயலாமல் வயிற்றோடு பிடித்துக்கொண்டு வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

“வருஷத்துக்கு ஒருதரம் சாமி நம்மகிட்ட எறங்கி வர்றதுக்குத்தான ஊர்வலம்? அதை எட்டாத எடத்துல தூக்கி வெச்சிருக்கீங்களே தம்பி.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் கமலநாதன் தாங்கியிருப்பார்.

பிறகு மதிவாணன் ஒரு வழி சொன்னார். உயரமான ஆள் ஒருவர் கீழே நடந்து வரவேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் தட்டை வாங்கி மேலே ஏற்றிவிட்டு, பூசை முடிந்ததும் இறக்கித் தரவேண்டும். அங்கிருந்தவர்களில் உயரமானவர் கமலநாதன்தான். அப்படியானால் வண்டியை யார் ஓட்டுவது? மதிவாணனே ஏறி உட்கார்ந்தார். இருக்கை வசதியாக இருக்கிறது என்று பாராட்டினார். ஊர்வலத்தின் மிச்சம் முழுக்க, மூன்று தெரு, எழுபதுக்குமேல் வீடு, கமலநாதன் தம் சொந்த வண்டிக்குப் பக்கத்தில் நடந்தார். தட்டை வாங்கினார், தூக்கினார், இறக்கினார். இருபதாவது வீட்டில் தோள் கெஞ்சியது. நாற்பதாவது வீட்டில் பட்டு வேட்டியில் குங்குமத் தண்ணீர் வழிந்தது. நேரலையை யாரோ நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தார்கள்.

கடைசித் தெருவில் அவர் வீடு. வாசலில் கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, பிரேமலா தட்டோடு நின்றாள். சேலை புதிது, தங்காக்கில் எடுத்தது. வண்டி நின்றது. அவள் மேலே பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். தட்டை அவர் கையில் கொடுத்தபோது மெதுவாகத்தான் சொன்னாள்.

“தட்ட ஏத்திவிட இன்னைக்கு ஆள் இருக்கு. நான் ஏற முடியாம இதே வாசல்ல நாலு வருஷம் நின்னேன். அப்போ நீங்க மெழுகு பூசிக்கிட்டு இருந்தீங்க.”

கமலநாதன் தட்டை மேலே தூக்கினார். முதல் மூன்று வீட்டுப் பெண்கள் கையைத் தூக்கி நின்றதைப் பார்த்தபோது வராத அவமானம் இப்போது வந்தது. தீபம் காட்டி முடித்துத் தட்டு கீழே வரும்வரை அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை செல்வராணிக்குப் போன் அடித்தார். பையைக் கழற்று, கட்டையைக் கழற்று, வண்டியைப் பழைய உயரத்துக்கு இறக்கு என்றார். அவள், நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு நல்ல பெண். பழைய உயரமே பிரேமலா அக்காவுக்குக் கொஞ்சம் கூடுதல்தான், கதவுக்குக் கீழே படி ஒன்று தொங்கவிட வேண்டியிருக்கும் என்றாள். வலிக்காமல் அக்காவால் எவ்வளவு உயரம் காலைத் தூக்க முடியும் என்று அளந்து வரச் சொன்னாள்.

கமலநாதனுக்கு அந்த வண்டியின் எல்லா அளவும் மனப்பாடம். அடிவயிற்றுக்கும் தரைக்கும் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை ஆழத் தண்ணீரில் இறங்கலாம், எத்தனை பாகை மேட்டில் ஏறலாம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இந்த அளவு தெரியவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். பிரேமலாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நாடாவை இழுத்துச் சுவரோரம் நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான், அளக்கத் தொடங்கவே தமக்கு ஒன்று தெரியாது என்பது உறைத்தது.

“எந்தக் கால்லம்மா ரொம்ப வலி?” என்று கேட்டார்.

அடுப்பில் பால் பொங்க வந்தது, பிரேமலா கையை நீட்டித் தீயை அணைத்தாள்.

“இடது,” என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். ஐந்து அங்குலம், ஏழு, எட்டு. ஒன்பதில் அவள் முகம் சுருங்கியது.

“போதும், எறக்கிடு,” என்றார் கமலநாதன்.